முதலில் எந்த கேங்ஸ்டர் படம்? நான்கு கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க

பழைய ஹாலிவுட் கேங்ஸ்டர் படங்களைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு இருக்கிறது. எதில் தொடங்குவது என்ற இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். ‘எல்லாப் பட்டியலிலும் இதே நான்கு பெயர்கள் வருகின்றன, நான்கையும் பார்க்கப் பொறுமை இருக்குமோ தெரியாது, ஒன்றைச் சொல்லுங்கள்’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. முதல் படம் சரியாக அமையாமல் போய், ‘பழைய படம் நமக்கு ஒத்துவராது’ என்று அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கும் அது நடக்கப் பார்த்தது. நான் முதலில் பார்த்தது ‘வைட் ஹீட்’. பிரமித்துப் போனேன். அந்தச் சூட்டோடு 1931-இல் வந்த படம் ஒன்றைப் போட்டேன். இருபது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். மறுபடி அதைக் கையில் எடுக்கச் சில வருடங்கள் ஆயின. எடுத்தபோது, எவ்வளவு பெரிய படத்தைப் பாதியில் விட்டிருக்கிறேன் என்று புரிந்தது. நான் பார்த்த வரிசை தப்பு, அவ்வளவுதான்.

இங்கே எடுத்துக்கொள்ளும் நான்கு படங்கள்: மெர்வின் லீராய் இயக்கிய ‘லிட்டில் சீசர்’ (1931), வில்லியம் வெல்மன் இயக்கிய ‘தி பப்ளிக் எனிமி’ (1931), ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய ‘ஸ்கார்ஃபேஸ்’ (1932), ரவுல் வால்ஷ் இயக்கிய ‘வைட் ஹீட்’ (1949). எந்தப் படத்தின் முடிவையும் இங்கே உடைக்கப் போவதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

காது பழக எவ்வளவு நேரம் ஆகும்? இதைத்தான் நான் முதலில் வைப்பேன். ஹாலிவுட் பேசத் தொடங்கியது 1927-இல். அடுத்த நான்கைந்து வருடங்கள் ஒலிப்பதிவு தட்டுத்தடுமாறித்தான் நடந்தது. கேமராவின் இரைச்சல் பதிவாகாதபடி அதைப் பொதிந்து வைக்க வேண்டும். நடிகர்கள் மைக்குக்கு எட்டுகிற தூரத்தில் நின்று பேச வேண்டும். பின்னணி இசையோ அனேகமாகக் கிடையாது. இப்போது பயப்படு, இப்போது இரக்கப்படு என்று சொல்லிக்கொடுக்க இசை இல்லாதபோது, இன்றைய பார்வையாளருக்குக் காட்சிகள் வெறிச்சென்று தெரியும். அந்த மௌனத்தைச் சில இயக்குநர்கள் ஆயுதமாகவே பயன்படுத்தினார்கள். அதை உணர்வதற்குள் நாம் எழுந்து போய்விடாமல் இருக்க வேண்டும்.

கொலையை எப்படிக் காட்டுகிறார்கள்? இந்தப் படங்களில் ரத்தம் குறைவு. முக்கியமான கொலைகள் பலவும் கதவுக்கு அந்தப் பக்கமோ, நிழலிலோ, சத்தமாக மட்டுமோ நடக்கின்றன. இந்த வகைப் படங்களின் ருசியில் பாதி இங்கேதான் இருக்கிறது.

கறுப்பும் வெள்ளையும் வேலை செய்கின்றனவா? நிழலை வைத்துக் கதை சொல்கிறார்களா, அல்லது ஆட்கள் தெரியும் அளவுக்கு விளக்கைப் போட்டுப் படமெடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

பின்னணி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? அமெரிக்காவில் 1920 ஜனவரியிலிருந்து 1933 டிசம்பர் வரை நாடு முழுக்க மதுவிலக்கு இருந்தது. கள்ளச்சாராயமும் கள்ள பியரும் விற்றுத்தான் கும்பல்கள் கொழுத்தன. 1929-இல் பங்குச்சந்தை சரிந்து கோடிக்கணக்கானவர்களின் பிழைப்பு போனது. சிகாகோவின் அல் கபோன் 1931 அக்டோபரில் வரி ஏய்ப்புக்காகப் பதினொரு வருடத் தண்டனை பெற்றான். அதாவது, முதல் இரண்டு படங்களும் திரையில் ஓடியபோது அவன் இன்னும் வெளியில்தான் இருந்தான். காலையில் பேப்பரில் படித்த ஆளை மாலையில் திரையில் பார்ப்பது போன்ற உணர்வு அன்றைய ஜனங்களுக்கு இருந்திருக்கும். இந்த ஒரு பத்தி அளவு தெரிந்தால் நான்கு படங்களுக்கும் போதும்.

என்ன பிரதி கிடைக்கும்? இதில் கவனக்குறைவாக இருந்தால், நல்ல படத்தையே கெட்ட படமாகப் பார்த்துவிட்டு வருவோம்.

## லிட்டில் சீசர் (1931)

எட்வர்ட் ஜி. ராபின்சன் என்ற ஒரே மனிதருக்காகப் பார்க்க வேண்டிய படம். உயரம் குறைவு, தவளை வாய், முரட்டுக் குரல். கதாநாயகனுக்கு உரிய லட்சணம் ஒன்றுமில்லாத அந்த முகம், அடுத்த பல வருடங்களுக்கு கேங்ஸ்டர் என்றாலே இதுதான் என்று ஆகிவிட்டது.

ஆரம்பத்தில் ஒரு சின்ன விஷயம் வரும். இரவில் ஒரு பெட்ரோல் பங்க்கைக் கொள்ளையடித்துவிட்டு, ராபின்சன் ஏற்ற ரிக்கோ தன் கூட்டாளியோடு சாலையோரச் சாப்பாட்டுக் கடைக்குள் வருகிறான். நேராகப் போய் சுவர்க்கடிகாரத்தின் முள்ளைப் பின்னால் தள்ளிவைக்கிறான். அப்புறம் உட்கார்ந்து சாப்பாடு சொல்கிறான். அந்த நேரத்தில் இங்கே இருந்தேன் என்று சாட்சி தயாராகிவிட்டது. வசனமே இல்லாமல் ஆள் யார் என்று காட்டியாகிவிட்டது.

அவன் மேலே ஏறுவதை உடையையும் நகையையும் வைத்தே அளக்கலாம். டை பின், வைர மோதிரம், கடைசியில் கண்ணாடி முன் நின்று தன்னையே பார்த்துக்கொள்ளும் விருந்து உடை. அவன் குடிப்பதில்லை. பதவி மட்டுமே அவனுடைய போதை. இன்னொரு இடத்தில் நண்பனைச் சுடத் துப்பாக்கியோடு கேமராவை நோக்கி நெருங்குவான். சுட முடியாமல் பின்வாங்கும்போது அவன் முகம் மங்கிக் கலங்கும். அந்த ஒரு க்ளோஸப்புக்காகவே படத்தை நான் இரண்டாம் முறை பார்த்தேன்.

இனி செலவுக் கணக்கு, அதாவது பார்ப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டியவை. நான்கில் காது பழக அதிக நேரம் எடுப்பது இதுதான். கேமரா பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். நண்பனாக வரும் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ஜூனியரின் காதல் பகுதிகள் நாடக மேடையை நினைவூட்டும். ராபின்சன் திரையில் இல்லாதபோது படம் தொய்கிறது. 79 நிமிடம்தான், ஆனால் அந்த 79 நிமிடமும் நீளமாகத் தோன்றக்கூடும். முதல் படமாக இதை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். நடிப்பைப் படிக்கிறவர்களுக்கும், இந்த வகைப் படங்கள் பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கும் இது.

## தி பப்ளிக் எனிமி (1931)

‘லிட்டில் சீசர்’ வந்து சில மாதங்களுக்குள், அதே வார்னர் நிறுவனத்திடமிருந்து வந்த படம். ஆனால் நடுவில் பல வருடம் கடந்துவிட்டதுபோல் இருக்கும். காரணம் ஜேம்ஸ் கேக்னி. முதலில் அவருக்குத் தந்திருந்தது நண்பன் வேடம்; எட்வர்ட் வுட்ஸ் என்பவர்தான் கதாநாயகன். படப்பிடிப்பு தொடங்கிய பிறகு இருவரின் வேடங்களையும் மாற்றினார்கள். படத்தைப் பார்த்தால், மாற்றாமல் எப்படி விட்டிருக்க முடியும் என்று தோன்றும்.

கேக்னி மேடையில் ஆடிப் பாடிப் பழகியவர். அது உடம்பில் தெரிகிறது. ஒரு பெண்ணைச் சந்தித்துவிட்டுக் காரிலிருந்து இறங்கும் டாம் பவர்ஸ் (கேக்னியின் பாத்திரம்), நடைபாதையில் சட்டென்று இரண்டு ஆட்ட அடி வைப்பான். ஒரு விநாடிதான். இப்படித் துள்ளுகிறவன் அடுத்த காட்சியில் என்ன செய்வானோ என்ற பயம் அந்த ஒரு விநாடியில் நமக்குள் வந்துவிடுகிறது.

கதை 1909-இல் சிகாகோ சிறுவர்களிடமிருந்து தொடங்குகிறது. 1915, 1917, 1920 என்று திரையில் வருடம் போட்டு நகர்கிறது. அதனால் பின்னணி தெரியாதவர்களுக்கும் சிரமமில்லை. மதுவிலக்கு அமலுக்கு வருவதற்கு முந்தைய இரவைக் காட்டும் பகுதி அற்புதம். பூக்கடை வண்டியிலிருந்து பூக்களைக் கொட்டிவிட்டுப் பாட்டில்களை ஏற்றுகிறார்கள். குழந்தையைத் தள்ளிப்போகும் வண்டியிலும் பாட்டில்கள். ஒரு சட்டம் ஒரு ஊரை என்ன செய்தது என்பது ஓரிரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

கொலைக் காட்சிகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் படத்தை முதலிடத்தில் வைப்பதே அதற்காகத்தான். சிறுவயதில் டாமைத் தப்பான வழியில் இழுத்துவிட்டுக் கைகழுவிய ஒருவன் இருக்கிறான். வருடங்கள் கழித்து அவன் வீட்டுக்கு டாமும் நண்பனும் போகிறார்கள். அவன் உயிருக்குக் கெஞ்சுகிறான். முன்பு உங்களுக்கு வாசித்துக் காட்டுவேனே என்று பியானோ முன் உட்கார்ந்து பழைய பாட்டைப் பாடுகிறான். கேமரா மெல்ல விலகி, கதவருகே நிற்கும் நண்பன் முகத்துக்குப் போய்விடுகிறது. துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. பியானோ கட்டைகள் ஒன்றாக அலறுவது கேட்கிறது. நாம் பார்ப்பது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவனின் முகத்தை மட்டும்.

பின்னால் மழையில் ஒரு காட்சி வருகிறது. டாம் எதிரிகள் இருக்கும் கட்டடத்துக்குள் தனியாக நுழைகிறான். கேமரா உள்ளே போவதில்லை. நாமும் மழையில் தெருவில் நின்று காத்திருக்கிறோம். உள்ளே வெடிச் சத்தம், அலறல். நம் மனசு அந்த அறையைத் தானாகவே கட்டிக்கொள்கிறது. பின்னணி இசை மட்டும் இருந்திருந்தால் இந்தக் காட்சி பாழாகியிருக்கும். மேலே நான் குறையாகச் சொன்ன அந்த மௌனம், இங்கே படத்தைத் தாங்கி நிற்கிறது.

காலை உணவு மேஜையில் காதலியின் முகத்தில் பாதி கிரேப்ஃப்ரூட் பழத்தை வைத்து அழுத்தும் காட்சியைப் பற்றி நீங்கள் எங்காவது படித்திருக்கலாம். படத்தின் அடையாளமே அதுதான் என்று ஆகிவிட்டது. பார்க்கச் சங்கடமான காட்சி, சங்கடப்பட வேண்டியதுதான். எனக்கு அதைவிட இன்னொரு மேஜை முக்கியம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

குறைகளும் உண்டு. அம்மா வேடம் மிகையாக உருகுகிறது. டாமின் இன்னொரு காதலியாக வரும் ஜீன் ஹார்லோ இன்னும் நடிப்புக்குள் வந்திருக்கவில்லை. அவருடைய காட்சிகளில் நேரம் நகராது. ஆரம்பத்திலும் முடிவிலும் வரும் ‘இது சமூகத்துக்கு எச்சரிக்கை’ என்ற அறிவிப்பு அட்டைகள், அன்றைய தணிக்கைக்குப் பயந்து போட்டவை. 1934 ஜூலையில் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கடுமையான பிறகு பழைய படங்களை மறுபடி வெளியிடும்போது வெட்டுவது வழக்கமானது. இதற்கும் அந்தக் கதி நேர்ந்தது. அதனால் மீட்டெடுத்த பிரதி என்று போட்டிருப்பதைத் தேடிப் பாருங்கள்.

## ஸ்கார்ஃபேஸ் (1932)

இந்தப் பெயரைத் தேடினால் முதலில் வருவது 1983-இல் பிரையன் டி பால்மா எடுத்த வண்ணப் படம். அது இதன் மறுஆக்கம். ஹாக்ஸுக்கும் கதாசிரியர் பென் ஹெக்ட்டுக்கும் சமர்ப்பித்திருப்பார்கள். அதை ஏற்கெனவே பார்த்தவர்களுக்கு இந்தப் பழைய படம் இரட்டை விருந்து.

கறுப்பு வெள்ளை எதற்காக என்று கேட்பவருக்கு நான் போட்டுக் காட்டுவது இதன் முதல் ஷாட். விடியும் நேரத்துத் தெருவிளக்கில் தொடங்கி, விருந்து முடிந்து காகிதத் தோரணங்கள் சிதறிக் கிடக்கும் விடுதிக்குள் நுழைந்து, ஒருவன் போன் பேசப் போவதைப் பின்தொடர்ந்து, சுவரில் ஒரு நிழல் சீட்டியடித்தபடி வருவதைக் காட்டுகிறது கேமரா. எங்கும் வெட்டு இல்லை. மூன்று நிமிடம் போல நீள்கிறது. சுடுவது நிழல். ஒளிப்பதிவாளர் லீ கார்ம்ஸ்.

‘எக்ஸ்’ எழுத்தைத் தேடிக்கொண்டே பாருங்கள். யாராவது சாகப் போகிறார்கள் என்றால் திரையில் எங்காவது ஒரு பெருக்கல் குறி வந்துவிடும்: விட்டத்தின் குறுக்குக் கட்டைகளாக, கதவில் போட்ட ரோமன் எண்ணாக, சுவரில் விழும் நிழலாக. பௌலிங் விளையாட்டில் போரிஸ் கார்லாஃப் பந்தை உருட்டும் காட்சியில் மதிப்பெண் தாளில் அந்தக் குறி விழுகிறது. பிறகு எல்லாக் கட்டைகளும் சாய, ஒன்று மட்டும் ஆடி ஆடி நிற்கிறது. அது விழும்போது என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1929 பிப்ரவரி 14-இல் சிகாகோவில் ஒரு கராஜில் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்ட நிஜச் சம்பவமும் நிழலாகவே வருகிறது. விட்டத்தில் ஏழு குறிகள்.

பால் முனியின் நடிப்பு அளவில் பெரியது. குரங்குபோல் தோளைக் கவிழ்த்து, குழந்தைபோல் சிரித்து, புது மெஷின் கன்னைக் கண்டு பரவசப்பட்டு ஆடுகிறார். சிலருக்கு இது அதிகப்படியாகத் தெரியலாம். பக்கத்தில் நாணயத்தைச் சுண்டியபடியே நிற்கும் ஜார்ஜ் ராஃப்ட், அந்த ஆரவாரத்துக்கு எதிர் எடை. தங்கை மேல் முனி ஏற்ற டோனிக்கு இருக்கும் பொறாமை, பாசம் என்ற பெயரில் அடங்காதது. அந்தச் சங்கடம் படம் முழுக்கக் கீழே ஓடுகிறது.

மறைமுகச் செலவு அதிகம் உள்ள படமும் இதுதான். 1931-இலேயே எடுத்து முடித்த படத்தை, தணிக்கையாளர்களோடு நடந்த இழுபறியால் 1932-இல்தான் வெளியிட முடிந்தது. அதற்காகச் சேர்த்ததுதான் பத்திரிகை அதிபர் ஒருவர் அறையில் நின்று பிரசங்கம் செய்யும் காட்சி. அங்கே படம் திடீரென்று வேறு ஆள் எடுத்ததுபோல் விறைத்துப்போகும். தடுமாறாதீர்கள், ஒட்டுப் போட்டது அது. முடிவிலும் மாற்று வடிவம் ஒன்று உண்டு. தூக்குமேடை வந்தால், நீங்கள் பார்ப்பது அந்த மாற்றுப் பிரதி. அதை வைத்துப் படத்தை எடைபோட வேண்டாம். தயாரிப்பாளர் ஹோவர்ட் ஹியூஸ் பல வருடங்கள் படத்தை வெளியே விடாமல் வைத்திருந்தார். 1976-இல் அவர் இறந்த பிறகே பரவலாகப் பார்க்கக் கிடைத்தது. எங்கோ யாரோ ஏற்றிவைத்த மங்கல் பிரதியில் பார்த்தால் நிழல்கள் எல்லாம் கரிப்பூச்சாகிவிடும். நிழல் போனால் இந்தப் படத்தில் பாதி போனது.

## வைட் ஹீட் (1949)

பழைய படமே பிடிக்காது என்கிறவரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டுமா? யோசிக்காமல் இதைப் போடுங்கள். ரயில் கொள்ளையில் தொடங்கி 114 நிமிடம் நிற்காமல் ஓடும். மேக்ஸ் ஸ்டைனரின் முழு ஆர்கெஸ்ட்ரா இசை உண்டு, ஒலி தெளிவு, வெட்டுகள் வேகம். மதுவிலக்கு பற்றியோ 1920-கள் பற்றியோ எதுவுமே தெரிய வேண்டாம்.

கேக்னிக்கு இப்போது ஐம்பதைத் தொடும் வயது. அவர் ஏற்ற கோடி ஜேரட் அம்மாவின் மடியில் உட்காரும் கொலைகாரன். தலைவலி வந்தால் மிருகமாகிவிடுவான். சிறைச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு செய்தியை மேஜை ஓரமாக ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்கு முணுமுணுத்துக் கடத்துவார்கள். அது அவனை எட்டியதும் கேக்னி செய்வதை நடிப்பு என்று சொல்ல எனக்கு இன்றும் தயக்கமாக இருக்கிறது.

நான் பட்ட செலவு இதில்தான். இதைப் பார்த்த கையோடு 1931-க்குப் போனால் எல்லாம் மெதுவாக, மெலிந்து தெரியும். போலீஸ் வானொலி அலைகளை வைத்துத் துரத்தும் நீண்ட பகுதிகள் இன்று கொஞ்சம் வகுப்பு எடுப்பதுபோலவும் இருக்கும். இன்னொன்று: பதினெட்டு வருடங்களுக்கு முன் நடைபாதையில் துள்ளிய அந்த இளைஞனைப் பார்த்திருந்தால், இந்தப் பருத்த, களைத்த, வெறிபிடித்த உடம்பு வேறு மாதிரி வலிக்கும். முதலிலேயே பார்த்துவிட்டால் அது கிடைக்காது.

## ஒரே பார்வையில்

| | லிட்டில் சீசர் | தி பப்ளிக் எனிமி | ஸ்கார்ஃபேஸ் | வைட் ஹீட் |
|---|---|---|---|---|
| நீளம் (நிமிடம்) | 79 | சுமார் 84 | 93 | 114 |
| காது பழக | நேரமாகும் | முதல் கால் மணி | முதல் கால் மணி | தேவையே இல்லை |
| நிழலும் ஒளியும் | சுமார் | நன்று | உச்சம் | நன்று |
| மறைத்துக் காட்டும் கலை | குறைவு | உச்சம் | மிக நன்று | குறைவு |
| பிரதியில் ஆபத்து | குறைவு | வெட்டிய பிரதி | மங்கல் பிரதி, மாற்று முடிவு | வண்ணம் பூசிய பிரதி இருந்தால் தவிர்க்கவும் |
| பெரிய பலவீனம் | அசையாத கேமரா | அம்மா, ஹார்லோ காட்சிகள் | ஒட்டுப்போட்ட பிரசங்கம் | போலீஸ் விளக்கங்கள் |

## சரி, எதைப் போடுவது?

ஒரே ஒரு படம்தான் பார்ப்பேன் என்றால் ‘தி பப்ளிக் எனிமி’. ஒன்றரை மணிக்கும் குறைவு, தனக்குத் தேவையான பின்னணியைத் தானே சொல்லிவிடுகிறது, காட்டாமல் காட்டுவதை எப்படிப் பார்ப்பது என்று நம்மைப் பழக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு ‘ஸ்கார்ஃபேஸ்’, நல்ல பிரதி கிடைத்தால் மட்டும். அப்புறம் ‘வைட் ஹீட்’. ‘லிட்டில் சீசர்’ நான்காவதாக வரட்டும். அதற்குள் காது பழகியிருக்கும்.

விதிவிலக்குகள் இருக்கின்றன. கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பவர்கள், சத்தமும் வேகமும் வேண்டும் என்பவர்கள் ‘வைட் ஹீட்’டில் தொடங்கலாம், ஆனால் அடுத்த படத்துக்குச் சில வாரம் இடைவெளி விடுங்கள். ஒளிப்பதிவில் ஆர்வம் உள்ளவர்கள், 1983 படத்தை நேசிப்பவர்கள் நேராக ‘ஸ்கார்ஃபேஸ்’ போகலாம். கொலைகாரனைவிட மனசாட்சிப் போராட்டம் முக்கியம் என்பவர்களுக்கு இந்த நான்குமே வேண்டாம். மைக்கேல் கர்ட்டீஸின் ‘ஏஞ்சல்ஸ் வித் டர்ட்டி ஃபேசஸ்’ (1938) பாருங்கள். கேக்னிதான் அதிலும். அதன் கடைசி நிமிடங்களில் அவன் செய்தது நடிப்பா நிஜமா என்று இன்றும் பேசுகிறார்கள்.

எதைப் பார்த்தாலும் விளக்கை அணைத்துவிடுங்கள். இந்தப் படங்கள் ஏறக்குறையச் சதுரமானவை; திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. டிவியை நிரப்பும்படி இழுத்தால் தலைகள் வெட்டுப்படும் அல்லது முகங்கள் பருத்துவிடும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் சப்டைட்டில் போட்டுக்கொள்வது நல்லது. அன்றைய தெருப்பேச்சு வேகமானது.

ஏற்கெனவே இவற்றில் ஒன்றைப் பாதியில் நிறுத்தியவர்கள் முழுப் படத்துக்கும் திரும்ப வேண்டியதில்லை. ‘தி பப்ளிக் எனிமி’யில் அண்ணன் போர்முனையிலிருந்து திரும்பிய இரவின் விருந்தை மட்டும் போட்டுப் பாருங்கள். மேஜை நடுவில் ஒரு பெரிய பியர் பீப்பாய். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க, அதைச் சுற்றித் தலையை நீட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அண்ணனுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.